தினம் ஒரு படம்

நாளுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்வதில் நம்மவர்களுக்கு என்றைக்குமே ஒரு பிரியம் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம். திருப்பாவையிலும் நாளுக்கு ஒரு பாசுரம். கந்த சஷ்டிக்கு ஆறு நாள், ஐயப்பனுக்கு ஒரு மண்டலம். விரதம் என்றும் நியமம் என்றும் நோன்பு என்றும் பெயர்கள் வேறுபட்டாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்: இன்றைக்கு மனம் இருக்கிறதோ இல்லையோ, செய்தாக வேண்டும். சில வருஷங்களாக இந்த வரிசையில் ஒரு புது நோன்பும் சேர்ந்திருக்கிறது. வருஷம் முழுவதும், ஒரு நாளும் தவறாமல், தினம் ஒரு போட்டோ எடுப்பது. சட்டைப் பையிலேயே காமிரா வந்து உட்கார்ந்துவிட்ட இந்தக் காலத்தில் இது ஒரு பெரிய தவம் அல்ல என்று தோன்றலாம். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

தினம் எடுத்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கலைக்கு நல்லதா, கெடுதலா? பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் இது எனக்குச் சொந்தக் கேள்வி. 1950 முதல் 1954 வரை, வாரம் தவறாமல், கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதினார். மணியம் அதற்குப் படம் போட்டார். நம் நாளில் ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசையைத் தினம் ஓர் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களில் முடித்தார். இவையெல்லாம் நிர்ப்பந்தத்தில் பிறந்தவைதான். ஆனால் தொடர்கதைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவனுக்காக யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் நிற்கிறான். அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று வாசகர் கடிதம் எழுதுகிறார். தினம் ஒரு படம் எடுக்கிறவனுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. ஒரு நாள் எடுக்காமல் விட்டால் கேட்கவும் ஆள் இல்லை. தானே சாமியும் தானே பூசாரியுமாக நடத்த வேண்டிய நோன்பு அது.

இந்த நோன்பை முழுமையாக நோற்ற ஒரு மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர், பெயர் ஜேமி லிவிங்ஸ்டன். நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1979-ஆம் வருஷம் மார்ச் 31-ஆம் தேதி, போலராய்டு காமிராவினால் ஒரு படம் எடுத்தார். அதிலிருந்து நாளுக்கு ஒன்று. போலராய்டு என்பது இப்போதைய வாசகர் பலர் பார்த்திராத சாமான். எடுத்த மாத்திரத்தில் காமிராவின் வாய் வழியாகவே காகிதம் வெளியே வரும். கண்ணெதிரே படம் மெல்லத் தெளியும். நெகடிவ் கிடையாது, இரண்டாம் பிரதி கிடையாது, கழுவும்போது திருத்துவதும் கிடையாது. எடுத்தது எடுத்ததுதான். காலையில் ஒரு சாதாரணப் படம் எடுத்துவிட்டு, மாலையில் அற்புதமான ஒரு காட்சி எதிர்ப்பட்டால்கூட, அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று இருந்துவிடுவாராம். நண்பர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படங்களில் என்ன இருக்கிறது? நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அக்கார்டியன் இருக்கிறது. டெலிவிஷன் திரையில் பேஸ்பால் ஆட்டம் ஓடுகிறது. வெறும் தெரு. பல படங்கள் கலங்கல். சில படங்களில் என்ன இருக்கிறது என்றே சொல்வதற்கில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பியிருப்பார். இப்படியே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். பிறகு ஒரு கட்டத்தில் ஆஸ்பத்திரி வருகிறது. தலையில் தழும்பு. மூளையில் கட்டி. 1997 அக்டோபரில், அந்த நிலையிலேயே, ஒரு கல்யாணம். கடைசி நாட்களில் அவரே படத்துக்குள் படுத்திருக்கிறார். காமிரா வேறு யார் கைக்கோ போயிருக்க வேண்டும். அந்த மாதம் 25-ஆம் தேதி, தம்முடைய 41-வது பிறந்த நாளன்று, காலமானார். பத்து வருஷம் கழித்து, 2007-இல், இரண்டு நண்பர்கள் எல்லாப் படங்களையும் வரிசையாக அதே கல்லூரியில் மாட்டி வைத்தார்கள்.

இந்த வரிசையை நான் ஒரு நாவல் என்றே சொல்லுவேன். எழுதியவருக்கு இது நாவல் என்று தெரியாது. முடிவு எங்கே என்பதும் தெரியாது. அதுதான் அதன் பலம். சாவு வரப்போகிறது என்று தெரிந்த ஆசிரியன் முதல் அத்தியாயத்திலிருந்தே ஜாக்கிரதையாக அதற்குச் சாமான் சேர்ப்பான். லிவிங்ஸ்டன் சேர்க்கவில்லை. 1983-ஆம் வருஷத்துச் சாப்பாட்டு மேஜை வெறும் சாப்பாட்டு மேஜையாகவே இருக்கிறது. 1997-ஐப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற நம்முடைய கண்ணுக்குத்தான் அந்த மேஜை வேறாகத் தெரிகிறது.

இதற்கு எதிர்த் திசையில் இன்னொரு அமெரிக்கர் இருக்கிறார். ஜிம் பிராண்டன்பர்க். காடும் ஓநாயும் எடுத்துப் பெயர் பெற்ற தொழில்முறைக் கலைஞர். 1994-இல், இலையுதிர் காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரை, 90 நாள், மின்னசோட்டா மாநிலத்துக் காட்டில் தினம் ஒரே ஒரு முறைதான் காமிரா விசையை அழுத்துவது என்று விரதம் எடுத்தார். ஒரு படம் அல்ல, ஒரு அழுத்து. சரியாக வராவிட்டால் போனதுதான். மூன்று வருஷம் கழித்து ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ பத்திரிகை அவற்றை வெளியிட்டது. ஒவ்வொரு படமும் மெருகு ஏற்றிய முத்து.

நம் பழைய இலக்கணக்காரர்கள் தனிநிலைச் செய்யுள், தொடர்நிலைச் செய்யுள் என்று பிரித்தார்கள். இந்தப் பிரிவு இங்கே எனக்கு மிகவும் உபயோகப்படுகிறது. பிராண்டன்பர்க் செய்தது 90 தனிப்பாடல். லிவிங்ஸ்டன் செய்தது ஒரு தொடர்நிலை. தனிப்பாடல் பாடுகிறவன் ஒவ்வொரு பாட்டிலும் ஜெயிக்க வேண்டும். ஒரு பாட்டுச் சொதப்பினால் அதற்கு வேறு ரட்சகர் இல்லை. தொடர்நிலைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்கு வேறு கவலை உண்டு. இரண்டில் எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்கிறவர்கள்தான் நம்மிடையே மிகுதி.

இவ்வளவும் யோசிக்க வைத்தவர் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். பெரம்பலூருக்கு மேற்கே செட்டிகுளம் பக்கத்துக் கிராமம். அரியலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. காலையில் கிராமத்திலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். மாலையில் அதே வழி. ஆக, இரண்டு மாவட்டங்களையும் தினம் இரண்டு தரம் குறுக்கே வெட்டுகிறவர். (1995 வரை இரண்டு ஊரும் திருச்சிராப்பள்ளி மாவட்டம், பிறகு இரண்டும் பெரம்பலூர் மாவட்டம், 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு வருஷமே ஒட்டி, 2007-இல் மறுபடி பிரிந்தது. சர்க்கார் பிரித்தாலும் ஒட்டினாலும் பஸ் ஒரே பஸ்தான்.) அவர் ஒரு வருஷம் முழுவதும் தினம் ஒரு படம் எடுத்து, 365 படங்களையும் ஓர் ஆல்பமாக ஒட்டி என்னிடம் கொண்டுவந்தார். “சார், இதிலே அம்பது படம் பொறுக்கித் தாங்க. புஸ்தகமாப் போடலாம்னு இருக்கேன்” என்றார்.

பார்த்தேன். பொறுக்கித் தரவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆல்பத்தில் கண்ணைப் பறிக்கிற படங்கள் நிறைய இருந்தன. கங்கைகொண்ட சோழபுரத்து விமானம், பின்னால் செக்கர் வானம். ரஞ்சன்குடிக் கோட்டை, மேலே நிலா. கரைவெட்டி ஏரியில் இமயத்துக்கு வடக்கேயிருந்து வந்த வரித்தலை வாத்துக்கள் கூட்டமாக எழும்புகிற காட்சி. செட்டிகுளம் மலையில் படிக்கட்டு. படிக்கட்டின்மேல் சிவப்புச் சேலை கட்டிய ஒரு கிழவி. எல்லாம் அழகுதான். எனக்கு ஒன்றும் மனசில் நிற்கவில்லை. காலண்டர்க்காரன் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு போடுவான். இவர் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய், அழகு எங்கே இருக்கிறது என்று விலாசம் தெரிந்த இடங்களில் இறங்கி, எடுத்துக்கொண்டு வந்த படங்கள் இவை. அந்த விமானத்தை அந்த இடத்திலிருந்து அந்த வெளிச்சத்தில் எடுக்காதவர்கள் யார்?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறப்பது வழக்கம். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஐதீகம். அழகும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் தரிசனம் கொடுத்தால் அதிகம். பாக்கி ஐந்து நாளும் கதவு சாத்தியிருக்கும்போது என்ன செய்கிறான் என்பதில்தான் தினப் படக்காரனின் யோக்கியதை தெரியும்.

கதவு சாத்திய நாட்களின் படங்களும் ஆல்பத்தில் இருந்தன. நண்பருக்கு அவற்றைப் பற்றிக் கூச்சம்; அந்தப் பக்கங்களைச் சீக்கிரம் புரட்டினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இரவு ஒன்பது மணிக்கு, ஐயோ இன்று எடுக்கவில்லையே என்று நினைவு வந்து, அகப்பட்டதை எடுத்தவை. மின்சார மீட்டர் பெட்டி. கொடியில் காயும் ஆபீஸ் சட்டை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சாத்திய டீக்கடையின் பெஞ்சு. இவற்றுக்கு நடுவே, அவருடைய கிராமத்துக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் எடுத்த ஒரு படம், ஒரே படம் போல, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒரு வெங்காயப் பட்டறை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயம்தான் பெரிய பயிர். பறித்த வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, வயலிலேயே தரையைவிட்டுச் சற்று உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகும்படி அடைத்து, மேலே ஓலையோ தட்டையோ வேய்ந்து, நீளமாகக் குவித்து வைப்பார்கள். அதற்குப் பட்டறை என்று பெயர். விதைக்கு வைப்பதும் உண்டு. விலை ஏறட்டும் என்று வைப்பதும் உண்டு. வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே அழுகும், எடை குறையும், முளைக்கும்.

மாசி மாதத்தில் முதல் படம்: புத்தம் புதுப் பட்டறை, ஓலை இன்னும் பச்சை. பங்குனியில் மூன்று படம். ஒன்றும் மாறவில்லை, ஓலை மட்டும் வெளுத்திருக்கிறது. சித்திரையில் ஒன்று: பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் வந்திருக்கிறது. திருட்டுப் பயம் போலிருக்கிறது. அப்படியானால் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. வைகாசியில் மழை: பட்டறைமேல் நீலத் தார்ப்பாய், ஒரு மூலை காற்றில் தூக்கியிருக்கிறது. பத்து நாள் கழித்துத் தார்ப்பாய் விலக்கியிருக்கிறது. ஒரு பக்கம் பிரித்து, இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனியில் பாதிப் பட்டறை. ஆடியில் நாலு கொம்பும், தரையில் சிவப்புச் சருகும். கட்டிலைக் காணோம்.

பட்டறையின் சொந்தக்காரர் ஒரு படத்திலும் இல்லை. அவருக்கு லாபமா நஷ்டமா என்பதும் படத்தில் இல்லை. ஆனால் ஒரு குடியானவர் ஐந்து மாதம் காத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். இந்த விஷயத்தை நாவலில் சொல்ல வேண்டுமானால் எனக்கு இருபது பக்கம் ஆகும். அதிலும் பதினைந்து பக்கம் அவருடைய மனசுக்குள் புகுந்து என் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவேன். இங்கே அந்த உபத்திரவம் இல்லை. எடுத்தவருக்கு இதில் ஒரு கதை இருப்பதே தெரியவில்லை. “பஸ் வர்ற வரைக்கும் வேற என்ன சார் இருக்கு அங்க?” என்றார்.

அந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லாத இடத்தில் தினம் நிற்பது. நோன்பின் பயன் அதுதான்: அழகைத் தேடிப் போக நேரமில்லாத மனிதனை, தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற இடத்தைப் பார்க்க வைப்பது. தேடிப் போக ஆரம்பித்த அன்றே அது நோன்பு அல்ல, வேட்டை. வேட்டைக்காரர்களில் பிராண்டன்பர்க் போன்ற ஒருவர் தம்மை ஒரு தோட்டாவோடு நிறுத்திக்கொண்டதனால் அது கலையாயிற்று. நம் நண்பர் ஒரு வாத்துக் கூட்டத்துக்கு நாற்பது, ஐம்பது படம் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். பட்டறையை எத்தனை எடுத்தீர் என்று கேட்டேன். ஒன்றுதானாம். பஸ் வந்துவிட்டதாம். ஆக, லிவிங்ஸ்டனுக்குப் போலராய்டு செய்த உபகாரத்தை இவருக்கு டவுன் பஸ் செய்திருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இது அழகுப் பிரச்னை அல்ல, நாணயப் பிரச்னை. ஆல்பத்தில் புரட்டாசி மாதத்தில் மூன்று நாள் படங்கள் வெயிலும் நிழலுமாக மற்றவற்றோடு ஒட்டாமல் இருந்தன. கேட்டதற்கு, அந்த மூன்று நாளும் தாயாரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததாகவும், படம் எடுக்கவில்லை என்றும், கணக்குக் குறையக் கூடாதே என்று பிறகு எடுத்த வேறு படங்களை அந்தத் தேதிகளில் வைத்ததாகவும் சொன்னார்.

தைவானில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய டெசிங் ஷே என்ற கலைஞர், 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை ஒரு வருஷம், இரவு பகல் மணிக்கு ஒரு தரம், ஆலைத் தொழிலாளர் வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் கடிகாரத்தில் அட்டையைக் குத்தி, ஒவ்வொரு தரமும் தம்மைப் படம் எடுத்துக்கொண்டார். மொத்தம் 8,760 மணி. அதில் 133 தவறிவிட்டது. அந்த 133-ஐ அவர் மறைக்கவில்லை. 94 தரம் தூங்கிப்போனது, 29 தரம் தாமதம், 10 தரம் முந்திக்கொண்டது என்று கணக்குக் காட்டினார். தூங்கிப்போன அந்த 94-இல்தான் ஒரு வருஷம் முழுவதும் சரியாகத் தூங்காத மனிதன் எனக்குத் தெரிகிறான்.

நண்பரின் மூன்று நாட்களும் அப்படியே காலியாக இருந்திருக்க வேண்டும். தேதி மட்டும் போட்டு, வெறும் அட்டை. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வருகிறவன் அங்கே வந்து திடுக்கிட்டு நின்றிருப்பான். அடுத்த பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கூஜாவின் படம் இருக்கிறது. வீடு திரும்பியபோது எடுத்தது. மூன்று வெற்றுப் பக்கங்களுக்குப் பிறகு அந்தக் கூஜா வந்திருந்தால் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. இப்போது அது வெறும் கூஜா.

நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்குக் காரணம், இது ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கோடு நின்றுவிடுகிற விஷயம் அல்ல என்பது. இந்தச் சீமையே அதற்குச் சாட்சி. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கட்டடங்களையும் உடைத்து, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டக் கல் எடுத்துப் போனது 1836-இல். போட்டோக் கலை உலகத்துக்குப் பகிரங்கமானது 1839-இல். மூன்றே வருஷம்! அந்த மதில் நின்ற நிலையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம் கிடையாது. அரியலூர் என்ற பெயர் நாடு முழுவதும் பத்திரிகையில் வந்தது 1956 நவம்பர் 23 அதிகாலையில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். கவிழ்ந்த பெட்டிகளைக் காமிராக்கள் படம் பிடித்தன. ஆனால் அதற்கு முந்தின வாரம் அந்த ஆற்றில் தண்ணீர் நாளுக்கு நாள் எப்படி ஏறியது என்பதை யார் எடுத்தார்? யாரும் எடுக்கவில்லை, எடுப்பதற்குக் காரணமும் இருக்கவில்லை. விபத்துக்குக் காமிரா வந்து சேரும். விபத்துக்கு முந்தின நாளுக்கு வராது.

விபத்தே இல்லாத மாறுதல்கள் இன்னும் மோசம். அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த இடம். சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புதான் சிமெண்டு. அரசாங்க ஆலை 1979-இல் வந்தது; தனியார் ஆலைகள் பல. சுரங்கம் என்றால் பூமிக்குள் இறங்கும் குகை அல்ல, திறந்த பள்ளம். இன்று பார்த்தால் நேற்றுப்போலவேதான் இருக்கும். லாரிகள் போகும், வரும். இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்குத்தான் ஒரு மேட்டு நிலம் பள்ளமாகி, பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருப்பது தெரியும். அங்கேயே இருந்தவனுக்குத் தெரியாது. அவன் தினம் பார்த்தானே, அதனால்.

நண்பரின் ஆல்பத்தில் இதற்கு ஒரு சின்ன அத்தாட்சி இருந்தது. அரியலூர்ச் சாலையோரத்தில் ஒரு புளியமரம். பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள், ஏழெட்டு. எல்லாம் கொஞ்சம் ஆடியவை. மரம் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. இலை எது, தூசி எது என்று தெரியவில்லை. புளியமரமே அந்த நிறம்தான் என்று நினைத்துக்கொண்டு புரட்டுகிறோம். ஐப்பசியில் ஒரு படம்: இரவெல்லாம் மழை பெய்த மறுநாள். மரம் பச்சை! அப்படி ஒரு பச்சை. கரைவெட்டி வாத்துக்கள் அத்தனையும் சேர்ந்து செய்ய முடியாததை அந்த ஆடிப்போன படம் செய்துவிட்டது. அதை மட்டும் தனியாகப் பொறுக்கிப் புத்தகத்தில் போட்டால், பச்சையாக ஒரு புளியமரம். அதில் என்ன இருக்கிறது?

கரைவெட்டி என்றதும் நினைவு வருகிறது. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த ஏரிக்கு மவுசு கூடிவிட்டது. கார்த்திகையிலிருந்து மாசி வரை பெரிய லென்ஸ்களோடு வருகிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்தும் வடகிழக்குப் பருவ மழையாலும் நிறையும் ஏரி அது. கோடையில் வற்றி, மாடு மேயும். சித்திரையில் அங்கே காமிராவோடு நிற்கிற ஒரு மனிதரையும் நான் கண்டதில்லை. நண்பரிடமும் சித்திரைப் படம் இல்லை. பறவை இல்லாத ஏரியை எதற்கு எடுப்பது என்றார். வறண்ட சேற்று வெடிப்பைப் பார்க்காதவனுக்கு வாத்து இறங்குவதன் அர்த்தம் எப்படி விளங்கும்? இரண்டாயிரம் மைல் பறந்து வருகிறதே, எதை நம்பி வருகிறது அது?

இந்தத் தொடர்நிலைப் படங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதை மழுப்ப விரும்பவில்லை. சலிப்பு. ஒரே பட்டறையை, ஒரே மரத்தை, ஒரே பெஞ்சை யார் 365 தரம் பார்ப்பது? அமெரிக்க எழுத்தாளர் பால் ஆஸ்டர் 1990-இல் ஒரு கிறிஸ்துமஸ் கதை எழுதினார். 1995-இல் அதை வைத்து ‘ஸ்மோக்’ என்று ஒரு திரைப்படமும் வந்தது. சுருட்டுக் கடைக்காரர் ஒருவர் வருஷக்கணக்காகத் தினம் காலையில் ஒரே நேரத்தில் ஒரே தெருமுனையைப் படம் எடுக்கிறார். நாலாயிரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஆல்பங்களை ஓர் எழுத்தாளரிடம் காட்டுகிறார். எழுத்தாளர் படபடவென்று புரட்டுகிறார். எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது! மெதுவாகப் பார்க்காவிட்டால் பிடிபடாது என்கிறார் கடைக்காரர். மெதுவாகப் பார்க்கும்போது, திரைப்படத்தில், ஒரு படத்தில் அந்த எழுத்தாளரின் இறந்துபோன மனைவி தெருவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

கட்டுக்கதைதான், எழுத்தாளன் தனக்குச் சாதகமாக ஒரு தற்செயலைப் புகுத்தியிருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அந்த மனைவி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதற்கு முன்னால், மெதுவாகப் புரட்ட ஆரம்பித்ததும் தெரு தெருவாகத் தெரியத் தொடங்குகிற அந்த இடம்தான் பெரிது. ஆனாலும் சலிப்பு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெரிய நாவல்களிலும் உண்டு. சலிப்பே இல்லாத தொடர்நிலை வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குக் காலண்டர் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே இந்தக் காரியத்தைக் கூட்டாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. திருவண்ணாமலையில் ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளை, அபுல் கலாம் ஆசாத் என்ற கலைஞரின் முனைப்பில், 2014-இல் தொடங்கி ஒரு வருஷம், பல படக்காரர்களைக் கொண்டு அந்த ஊரின் 365 நாளைப் பதிவு செய்தது. பழைய தமிழகத்துக்குரிய வாழ்க்கை மறைவதற்குள் பிடித்து வைப்பது நோக்கம். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் அது பல கண். ஓர் ஊரின் ஜமாபந்தி மாதிரி. நான் பேசுவது ஒற்றைக் கண்ணைப் பற்றி. பல கண்ணில் ஊர் மாறுவது தெரியும். ஒற்றைக் கண்ணில் ஊரோடு சேர்ந்து பார்க்கிறவனும் மாறுவது தெரியும். நண்பரின் ஆல்பத்தில் தை மாதத்துப் படங்களில் எல்லாம் மனிதர்கள் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மார்கழிக்கு வந்தால் ஒருவரும் இவரைக் கவனிப்பதில்லை. பதினொரு மாதத்தில் ‘படம் எடுக்கிறவர்’ என்ற அந்தஸ்து போய், பஸ்ஸுக்கு நிற்கிற ஆசாமியாகத் திரும்பிவிட்டார். அதை அவர் தமக்கு ஏற்பட்ட தோல்வியாக எண்ணியிருந்தார்.

கோலத்தைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? மார்கழி முப்பது நாளும் கோலம் போடுகிறவள் முப்பதில் ஐந்து நல்ல கோலத்தைப் பொறுக்கி வைப்பதில்லை. மத்தியானத்துக்குள் கால்பட்டு அழிந்துவிடுகிறது. நன்றாக வந்ததும் வராததும் ஒரே கதிதான். போட்டோ அழிவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் பொறுக்குகிற சபலம் வருகிறது. பொறுக்குவது தவறு என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். தனிப்பாடல்காரன் பொறுக்கத்தான் வேண்டும். நண்பர் ஞாயிற்றுக்கிழமைப் படங்களை மட்டும் தனியாக ஒரு புத்தகமாகப் போடட்டும், விற்கும், பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அதற்கு ‘தினம் ஒரு படம்’ என்று பெயர் வைக்கக் கூடாது.

மற்றதைப் போடுவதானால் 365-ஐயும் போட வேண்டும். பக்கத்துக்கு ஆறாகச் சின்னச் சின்னதாகப் போட்டால் அறுபத்தொரு பக்கம். காகிதச் செலவு ஒன்றும் தலைக்கு மேல் இல்லை. படத்துக்கு அடியில் அவர் எழுதியிருக்கும் வாசகங்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தேதி மட்டும், அதையும் தமிழ் மாதத் தேதியாகவே போடலாம். பட்டறைக்கும் புளியமரத்துக்கும் அந்தக் கணக்குத்தான் பொருந்துகிறது. புரட்டாசியில் பிற்பாடு ஒட்டிய மூன்றையும் பிய்த்துவிட வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது அவர் முகம் வாடியது. அந்த மூன்றில் ஒன்று ரஞ்சன்குடி நிலாவாம்.